சுரங்கத்தின் தூசைக் கட்டுப்படுத்துகிறோம் என்கிறார்கள், சரி. மூடிய மறுநாள் அந்தத் தூசு என்ன ஆகும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். மாமனார் வீட்டிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தள்ளி, வருடக்கணக்கில் மூடிக் கிடந்த ஒரு தங்கச் சுரங்கத்தை மறுபடி திறக்கப் போகிறார்கள். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் சுருக்கம் உங்கள் கைக்கு வந்திருக்கிறது. அதில் காற்று மாசைக் கட்டுப்படுத்துவது பற்றி ஒரு அத்தியாயம், கடைசியில் சுரங்கத்தை மூடுவது பற்றி ஒரு அத்தியாயம். இரண்டுமே படிக்க ஒழுங்காகத்தான் இருக்கின்றன, இதை நம்பலாமா, கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எழுந்து என்ன கேட்பது என்று எழுதியிருந்தீர்கள். ஆண்டர்சன்பேட்டையில் வளர்ந்தவர், இப்போது கே.ஆர்.புரத்தில் குடியிருப்பவர் என்றும் சொல்லியிருந்தீர்கள். அதனால் நீங்கள் எழுதாமல் விட்ட கேள்வியும் எனக்குப் புரிகிறது. கே.ஜி.எஃப்.பில், அதாவது கோலார் தங்கவயலில், நடந்தது அங்கேயும் நடக்குமா என்பதுதான் அது.

நான் சுரங்கப் பொறியியல் படித்தவன். வேலைக்காலத்தின் பெரும்பகுதி நிலத்தடி உலோகச் சுரங்கங்களின் காற்றோட்டப் பிரிவில் போனது, அப்புறம் பெங்களூரில் இருந்துகொண்டு மூடல் திட்டங்களைச் சரிபார்க்கும் வேலை. இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததில் எனக்கு உறுதியாகப் பட்டது ஒன்று உண்டு. அந்த இரண்டு அத்தியாயங்களையும் பெரும்பாலும் இரண்டு வேறு ஆட்கள் எழுதுகிறார்கள், ஒருவர் எழுதியதை மற்றவர் படிப்பதில்லை. ஆனால் விஷயம் ஒன்றுதான். காற்றில் போகாமல் நீங்கள் பிடித்து வைக்கும் ஒவ்வொரு கிலோ தூசும் எங்கேயோ ஒரு இடத்தில் சேர்கிறது. சுரங்கம் ஓடும்வரை தண்ணீர் தெளிப்பான், மின்விசிறி, பம்பு எல்லாம் அதை அடக்கி வைத்திருக்கும். மூடும் நாளில் கரண்ட் நின்றதும் அடக்கி வைத்த சாதனங்கள் நின்றுவிடும், பொருள் மட்டும் அங்கேயே இருக்கும். ஆகவே காற்று அத்தியாயத்தின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் "கரண்ட் நின்ற மறுநாள் இது என்ன ஆகும்?" என்று பென்சிலால் எழுதிக்கொண்டு, அதற்கான பதில் மூடல் அத்தியாயத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். நான் அறிக்கைகளை அப்படித்தான் படிக்கிறேன். உங்கள் முழு அறிக்கையை நான் பார்க்கவில்லை, நான் மருத்துவனும் இல்லை. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

முதலில், ஒரு நிலத்தடிச் சுரங்கத்திலிருந்து காற்றில் என்ன வருகிறது என்று பார்ப்போம். பலரும் காற்று ஏறி வரும் சாஃப்டைத்தான், அதாவது மேலிருந்து சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழியைத்தான், நினைக்கிறார்கள். ஒரு சாஃப்ட் வழியாக நல்ல காற்று கீழே இறங்கும், இன்னொன்றின் தலையில் பெரிய மின்விசிறி உட்கார்ந்து உள்ளே இருக்கும் கெட்ட காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும். குண்டு வெடித்த புகை, டீசல் வண்டிகளின் கரி, பாறைத் தூசு, வெப்பம், ஈரம் எல்லாம் அதோடு வரும். காலையில் அந்த வாயிலிருந்து வெள்ளையாகக் கிளம்புவதைப் பார்த்து ஊரார் பயப்படுவார்கள். அதில் பெரும்பகுதி நீராவி. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், எண்கள் உதாரணத்துக்குத்தான். வினாடிக்கு 100 கன மீட்டர் காற்று வெளியே வருகிறது, ஒவ்வொரு கன மீட்டரிலும் அரை மில்லிகிராம் தூசு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழு நாளுக்கு நாலு கிலோ சொச்சம்தான் வரும். இதற்கு எதிரே ஒரு பாரம் ஏற்றிய டிப்பர் லாரி, தண்ணீர் தெளிக்காத மண் சாலையில் ஒரே ஒரு கிலோமீட்டர் ஓடினால் கிளம்பும் மொத்தத் தூசு கிலோக் கணக்கில் வரும். அதாவது இரண்டு மூன்று நடை லாரி, ஒரு நாள் முழுக்க சாஃப்ட் தள்ளுவதைத் தாண்டிவிடும். ஊருக்கு வரும் தூசைப் பொறுத்தவரை சாஃப்டை விட அதிகம் பார்க்கவேண்டியவை லாரி ஓடும் சாலை, கல் உடைக்கும் கிரஷர், அரைத்து எடுத்த கழிவு மணல் கொட்டும் மேடு ஆகிய மூன்றும்தான்.

ஆனால் உள்ளே வேலை செய்பவனுக்கு நிலைமை நேர் தலைகீழ். அவன் நிற்கும் இடத்தில், துளை போடும் இயந்திரத்துக்கு ஒரு கை தூரத்தில் அவன் மூச்சு விடுகிறான். நம் நாட்டு உலோகச் சுரங்கங்களுக்கு நெடுங்காலமாக இருந்துவரும் 1961 விதிமுறைகளின்படி, நுரையீரல்வரை போகக்கூடிய நுண்தூசு கன மீட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. தூசில் சிலிக்கா 5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் 15-ஐ அந்தச் சதவீதத்தால் வகுக்க வேண்டும். தங்கம் பெரும்பாலும் குவார்ட்ஸ் பாறையில்தான் இருக்கும், குவார்ட்ஸ் முழுக்க சிலிக்கா. தூசில் சிலிக்கா 30 சதவீதம் என்றால் வரம்பு அரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும். அறிக்கையில் "தூசு 3 மில்லிகிராமுக்குக் கீழே வைக்கப்படும்" என்று மட்டும் எழுதி, பாறையில் சிலிக்கா எவ்வளவு என்று எழுதவில்லை என்றால் அந்த வாக்கியத்துக்கு மதிப்பில்லை.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். 1940-களில் கோலார் தங்கவயல் தொழிலாளர்களிடம் நடந்த பெரிய ஆய்வில், பரிசோதித்த ஏழாயிரத்துச் சொச்சம் பேரில் பத்துக்கு நாலு பேருக்கு மேல் சிலிக்கோசிஸ், அதாவது சிலிக்கா தூசால் நுரையீரல் இறுகிப்போகும் நோய், இருந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலம், தர்மபுரி பக்கமிருந்தும் வந்து லைன் வீடுகளில் குடியேறிய நம் ஆட்கள்தான் அதில் பெரும்பாலோர். அந்த நோய்க்கு இரண்டு குணம் உண்டு. ஒன்று, தூசு நின்ற பிறகும் அது நிற்காது, பத்து இருபது வருடம் கழித்துக்கூட மூச்சு வாங்க ஆரம்பிக்கும். இரண்டு, காசநோய் வரும் வாய்ப்பை அது பல மடங்கு கூட்டும். சிலிக்கா புற்றுநோய் உண்டாக்கும் என்பதையும் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே உறுதி செய்துவிட்டது. அதனால் மூடல் திட்டத்தில் தொழிலாளியின் மார்பு எக்ஸ்ரேயும் அவன் எந்த இடத்தில் எத்தனை வருடம் வேலை பார்த்தான் என்ற பதிவும் ஒரு பகுதியாக இருக்கவேண்டும். கம்பெனி கலைந்த பிறகு நோய் வருகிறவன் எந்தக் காகிதத்தைக் காட்டி நிவாரணம் கேட்பான்? நான் பார்த்த மூடல் திட்டங்களில் மரம் நடுவதற்குப் பக்கம் பக்கமாக இருக்கும், இதற்கு ஒரு வரிகூட இருக்காது. இதைக் கட்டாயம் கேளுங்கள்.

உள்ளே தூசைக் கட்டுப்படுத்தும் வழிகளில் எது வேலை செய்கிறது என்பதில் சந்தேகம் கிடையாது. தண்ணீர் ஊற்றித் துளை போடுவது, வெடித்த குவியலை நனைத்துவிட்டு அள்ளுவது, ஷிஃப்ட் முடியும் நேரத்தில் மட்டும் வெடி வைத்து, புகை போன பிறகு அடுத்த ஆட்களை இறக்குவது, இதெல்லாம் பழைய வழிகள், சரியாகச் செய்தால் நன்றாகப் பலன் தரும். வெடிமருந்தில் அம்மோனியம் நைட்ரேட்டும் எரி எண்ணெயும் 94-க்கு 6 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும், எண்ணெய் அதைவிடக் குறைந்தாலோ ஈரம் பட்டாலோ செம்பழுப்பு நிறப் புகை வரும், அது நைட்ரஜன் டையாக்சைடு, நுரையீரலைப் புண்ணாக்கும். டீசல் வண்டி விஷயத்தில் காற்று எவ்வளவு என்பதுதான் கணக்கு. இஞ்சினின் ஒரு கிலோவாட் திறனுக்கு வினாடிக்கு 0.06 கன மீட்டர் காற்று என்று கனடாவின் ஒன்டாரியோ போன்ற இடங்களில் கணக்கு வைக்கிறார்கள். 200 கிலோவாட் வண்டி ஒன்றுக்கு மட்டும் 12 கன மீட்டர். எத்தனை வண்டி இறக்கப் போகிறார்கள், மின்விசிறியின் கொள்ளளவு என்ன என்ற இரண்டு எண்ணும் அறிக்கையில் இருக்கும். வண்டிகளுக்குத் தேவையான காற்றைக் கூட்டி மின்விசிறியின் கொள்ளளவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பொருந்துகிறதா இல்லையா என்று நீங்களே சொல்லிவிடலாம். டீசல் புகையும் 2012-இல் உறுதியான புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. புதிதாகத் திறக்கும் சுரங்கம் என்பதால் பேட்டரி அல்லது கேபிளில் ஓடும் வண்டி ஏன் வாங்கக்கூடாது என்று கேட்பதில் தவறே இல்லை. காற்றுக்கு ஆகும் மின்சாரச் செலவே அதில் நிறைய மிச்சம்.

மேலே வந்தால் கிரஷருக்குப் பை வடிகட்டி, கன்வேயருக்கு மூடி, சாலைக்குத் தண்ணீர் லாரி என்று எழுதியிருப்பார்கள். எல்லாம் சரியான ஏற்பாடுகள்தான். ஆனால் ஏப்ரல் மாதம் நம் பக்கத்து வெயிலில் தெளித்த தண்ணீர் ஒரு மணி நேரம் நிற்காது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை என்று எழுதியிருந்தால் அது காகிதத்துக்காக எழுதியது. சுரங்கத்திலிருந்து ஆலைவரை உள்ள சாலைக்குத் தார் போடச் சொல்லுங்கள், அது ஒன்றே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். பை வடிகட்டி வேலை செய்கிறதா என்பதற்கு அதன் இரண்டு பக்கத்துக் காற்றழுத்த வித்தியாசத்தைத் தினமும் குறித்து வைத்தாலே போதும், பை கிழிந்தால் அந்த எண் விழுந்துவிடும், அடைத்துக்கொண்டால் ஏறிவிடும். அந்தப் பதிவேட்டை ஊராருக்குக் காட்டுவார்களா என்று கேளுங்கள். சரி, பையில் சேர்ந்த தூசு எங்கே போகிறது? நல்ல ஆலையில் அதை நனைத்து அரைவைக்கே திருப்பி அனுப்புவார்கள். அங்கிருந்து அது கழிவு மணலோடு சேர்ந்து மேட்டுக்குப் போகும். காற்றில் போகாமல் தடுத்ததெல்லாம் கடைசியில் அந்த மேட்டில்தான் வந்து நிற்கிறது.

கனடாவில் யெல்லோநைஃப் ஊருக்குப் பக்கத்தில் ஜயன்ட் சுரங்கம் என்று ஒன்று உண்டு. 1948-இல் தொடங்கியது. அந்தப் பாறையில் தங்கம் ஆர்செனிக்கோடு கலந்திருந்ததால் வறுத்துத்தான் எடுக்க முடியும், வறுத்தால் ஆர்செனிக் டிரையாக்சைடு புகையாகக் கிளம்பும். ஆரம்பத்தில் அப்படியே வானத்தில் விட்டார்கள். அது பனியில் படிந்து, பனியை உருக்கிக் குடித்த பழங்குடி மக்களில் ஒரு குழந்தை 1951-இல் இறந்தது. பிறகு வடிகட்டி வைத்துப் பிடிக்க ஆரம்பித்தார்கள், காற்று நன்றாகச் சுத்தமானது. பிடித்த விஷத்தூளைச் சுரங்கத்துக்குள்ளேயே காலி அறைகளில் கொட்டினார்கள். வீட்டைப் பெருக்கிக் குப்பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியது மாதிரி. கம்பெனி திவாலானது, 2004-இல் சுரங்க வேலையும் நின்றது, உள்ளே 2,37,000 டன் ஆர்செனிக் தூள் மிச்சம். அது தண்ணீரில் கரையும் என்பதால் சுற்றியுள்ள பாறையை உறைய வைத்து என்றென்றைக்கும் காவல் காப்பதுதான் திட்டம். 2022-இல் சொன்ன மதிப்பீட்டின்படி மொத்தச் செலவு 438 கோடி கனடிய டாலர், கொடுப்பது அந்நாட்டு மக்களின் வரிப்பணம். காற்று மாசுக் கட்டுப்பாடு அங்கே தோற்கவில்லை, பிடித்ததை மூடும் நாளில் என்ன செய்வது என்று யாரும் முன்கூட்டியே கேட்காததுதான் தோல்வி.

இப்போது நம் ஊருக்கு வருவோம். கே.ஜி.எஃப். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டது. உலோகச் சுரங்கங்களுக்குப் படிப்படியான மூடல் திட்டமும் இறுதி மூடல் திட்டமும் பணப் பிணையும் கட்டாயம் என்ற விதி 2003 ஏப்ரலில்தான் வந்தது. நூற்றிருபது வருடத்துக்கு அருகில் ஓடிய, மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன ஒரு சுரங்கம், அந்த விதி வருவதற்கு இரண்டு வருடம் முன்னால் நின்றுவிட்டது. பம்புகள் நின்றன, சுரங்கம் நிரம்ப ஆரம்பித்தது. நிரம்பும் தண்ணீரின் அழுத்தத்தால் நில அதிர்வுகள் வந்ததை அங்கேயே இருந்த தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனத்தினர் பதிவு செய்து ஆராய்ந்திருக்கிறார்கள். மேலே 13 கழிவு மேடுகள், ஏறக்குறைய ஆயிரம் ஏக்கர், மூன்று கோடி டன்னுக்கு மேல் அரைத்த மணல். சின்ன வயதில் நீங்கள் சறுக்கி விளையாடிய சயனைடு மலைகள்தான் அவை. 2024 ஜூனில் அந்த மேடுகளைத் திரும்ப அரைத்து மிச்சத் தங்கத்தை எடுக்க மாநில அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, அந்த வேலை நடந்தால் தூசுக் கேள்வி முழுக்கப் புதிதாகத் தொடங்கும்.

அரைத்த பாறையிலிருந்து தங்கத்தைக் கரைத்தெடுக்கப் பயன்படுவது சயனைடு, அந்தப் பெயரைக் கேட்டு மக்கள் அதைத்தான் அதிகம் அஞ்சுகிறார்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது என்னவென்றால், ஆலை ஓடும்போது சயனைடு கடுமையான ஆபத்து. கரைசலில் சுண்ணாம்பு போட்டு பி.எச். அளவை 10-க்கு மேல் வைக்காவிட்டால் ஹைட்ரஜன் சயனைடு வாயுவாகவே கிளம்பிவிடும். ஆனால் பல வருடம் வெயிலிலும் மழையிலும் கிடந்த மேட்டின் மேல்பரப்பில் அதில் பெரும்பகுதி சிதைந்துவிடும். இரும்போடு பிணைந்த ஒரு பகுதி ஆழத்தில் நெடுங்காலம் தங்கலாம். காற்றில் பறப்பதில் எனக்கு அதிகக் கவலை தருவது மாவு மாதிரி அரைத்த சிலிக்காவும், பாறையில் ஆர்செனோபைரைட் போன்ற கனிமம் இருந்தால் அதிலிருந்து வரும் ஆர்செனிக்கும்தான். சிலிக்கா எத்தனை வருடம் வெயிலில் கிடந்தாலும் சிலிக்காதான்.

சந்தேகமான இடத்தையும் சொல்ல வேண்டும். உள்ளே தூசில் வேலை செய்தவனுக்கு சிலிக்கோசிஸ் வரக்கூடும் என்பதில் சந்தேகம் இல்லை. மேட்டின் பக்கத்தில் குடியிருந்து, சுரங்கத்துக்குள் இறங்காத ஒரு பெண்ணின் இருமலுக்கு மேட்டுத் தூசு எவ்வளவு காரணம், விறகடுப்புப் புகை எவ்வளவு, காசநோய் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது மருத்துவர்களுக்கே கடினம். தூசு கண்ணை உறுத்தும், ஆஸ்துமா இருப்பவர்களுக்குக் கூட்டும் என்பது தெளிவு, அதற்கு மேல் ஒவ்வொரு ஊரிலும் அளந்து பார்த்தால்தான் உண்டு. அதேபோல அறிக்கையில் கணினி மாதிரி போட்டு "கிராமத்தில் கூடும் தூசு இத்தனை மைக்ரோகிராம்" என்று இரண்டு தசமத்தில் எழுதியிருப்பார்கள். அந்தத் துல்லியத்தை நம்ப வேண்டாம். மேட்டிலிருந்து காற்று வாரும் தூசு காற்றின் வேகத்தைப் பொறுத்துத் திடீரென்று பல மடங்கு ஏறும், சராசரிக் காற்றை வைத்துப் போடும் கணக்கில் அது சிக்காது.

ஆகவே அளவீடு எந்த மாதங்களில் எடுத்தது என்று பாருங்கள். மழைக்காலம் தவிர்த்து ஒரு பருவம் அளந்தால் போதும் என்பதால் பலரும் குளிர்காலத்தில் அளந்துவிடுகிறார்கள். மேட்டு மணல் பறப்பது மார்ச் முதல் மே வரையும், அப்புறம் மழை தவறிய ஜூன், ஜூலை மாதங்களின் மேற்குக் காற்றிலும்தான். தேசியத் தரப்படி பி.எம்.10, அதாவது 10 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட நுண்தூசு, ஒரு நாள் சராசரி கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம், அதைவிட நுண்ணிய பி.எம்.2.5 என்றால் 60. அந்தப் பட்டியலில் ஆர்செனிக்குக்கு வரம்பு உண்டு, ஆண்டுச் சராசரி 6 நானோகிராம். சிலிக்காவுக்கு வரம்பே கிடையாது. அதனால் "எல்லாம் தரத்துக்குள் இருக்கிறது" என்று சொன்னாலும் சிலிக்காவைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை. பிடித்த தூசில் சிலிக்கா எத்தனை சதவீதம் என்று அளந்தீர்களா, ஆர்செனிக் அளந்தீர்களா, பழைய மேட்டின் பக்கத்துக் காற்றையும் அளந்தீர்களா என்ற மூன்றையும் கேளுங்கள். பழைய சுரங்கம் என்பதால் பழைய மேடு இருக்கும், அதற்கு யார் பொறுப்பு என்பதை இப்போதே எழுத்தில் வாங்காவிட்டால் பின்னால் "அது எங்களுக்கு முன்னாலிருந்தவர்களுடையது" என்ற பதில்தான் வரும்.

மூடல் அத்தியாயத்தில் நான் முதலில் தேடுவது, கழிவில் எவ்வளவு திரும்பச் சுரங்கத்துக்குள்ளேயே போகப் போகிறது என்பது. அரைத்த மணலோடு கொஞ்சம் சிமென்ட் கலந்து வெட்டி எடுத்த காலி இடங்களை நிரப்பலாம். பாறை உடைந்தால் பருத்துவிடும் என்பதால் எல்லாவற்றையும் திருப்ப முடியாது, ஏறக்குறைய பாதி போகும். அந்தப் பாதி மேலே காற்றில் பறக்காது, கீழே கூரையையும் தாங்கும். இதைவிட நல்ல தூசுக் கட்டுப்பாடு எனக்குத் தெரிந்து இல்லை, கரண்ட் நின்றாலும் இது நிற்காது. மேலே தங்கும் மீதிக்குச் சரிவைக் குறைத்து, சரளையோ களிமண்ணோ போட்டு மூடி, அதன் மேல் புல்லும் செடியும் பிடிக்க வைக்க வேண்டும். வெறும் மணலில் நேராக மரக்கன்று நட்டுப் படம் எடுத்துப் போனால் இரண்டாவது கோடையில் ஒன்றும் மிஞ்சாது. மேடு நிரம்ப நிரம்பவே, ஒவ்வொரு பகுதியாக மூடிக்கொண்டே வர வேண்டும். எல்லாவற்றையும் கடைசி வருடத்துக்குத் தள்ளியிருந்தால், தங்கம் தீர்ந்து வருமானம் நின்ற வருடத்தில் யார் பணம் போடுவார்கள்?

சாஃப்ட் வாய்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூடிய சுரங்கம் மூச்சு விடும். வெளியே காற்றழுத்தம் இறங்கும் நாளில் உள்ளே இருக்கும், பிராணவாயு குறைந்து கரியமில வாயு கூடிய காற்று வெளியே வரும். எட்டிப் பார்க்கிறவன் மயங்கி விழலாம். அதனால் வெறும் முள்வேலி போதாது, கான்கிரீட் மூடியும் காற்றுக் குழாயும் வேண்டும். நிலக்கரி என்றால் மீத்தேனும் தீயும் சேர்ந்துகொள்ளும். ஜார்க்கண்டின் ஜாரியா நிலக்கரி வயலில் 1916-இல் முதலில் பதிவான தீ நூறு வருடம் கடந்தும் புகைந்துகொண்டிருக்கிறது. உங்கள் இடத்தில் தங்கம் என்பதால் அந்தப் பயம் இல்லை. பழைய வேலை இடங்களின் வரைபடம் மட்டும் மிக முக்கியம். 1975 டிசம்பரில் அதே பக்கத்தில் உள்ள சஸ்னாலா நிலக்கரிச் சுரங்கத்தில், பழைய இடத்தில் தேங்கிய தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்து 370 பேருக்கு மேல் இறந்தார்கள். நீங்கள் சொல்வது தண்ணீர் நிரம்பிக் கிடக்கும் பழைய சுரங்கம். முதலில் அதை இறைத்து வெளியே விடப் போகிறார்கள், அந்தத் தண்ணீர் எந்த ஏரிக்குப் போகிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். சுரங்கம் திரும்ப மூடும்போது தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கும் என்பது யாராலும் சரியாகக் கணிக்க முடியாத ஒன்று. நேர்மையான அறிக்கை ஒற்றை எண் கொடுக்காது, இத்தனையிலிருந்து இத்தனை வரை என்று ஒரு வீச்சைக் கொடுக்கும்.

பணம் கடைசியாக. 2017 விதிகளை 2021-இல் திருத்தியபோது பெரிய சுரங்கங்களுக்குப் பிணைத் தொகை, பயன்பாட்டில் இருக்கும் நிலத்தில் ஹெக்டேருக்கு மூன்று லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் ஆனது. நிலத்தடிச் சுரங்கத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தவே இல்லை என்பது என் கருத்து. மேலே கைவைத்த நிலம் கொஞ்சம்தான் இருக்கும், 40 ஹெக்டேர் என்றால் இரண்டு கோடி. கீழே கிலோமீட்டர் கணக்கில் வெட்டியது அந்தக் கணக்கில் வராது. இரண்டு கோடியில் சாஃப்ட்களை அடைத்து, மேட்டை மூடி, தண்ணீரையும் காற்றையும் பல வருடம் அளந்துகொண்டிருக்க முடியுமா என்று கேளுங்கள். ஏலத்தில் வந்த குத்தகை என்றால் பிணையின் வடிவம் வேறாக இருக்கலாம், எந்த வகை, எவ்வளவு, யார் கையில் என்று எழுத்தில் கேளுங்கள். இறுதி மூடல் திட்டத்தை மூடுவதற்கு இரண்டு வருடம் முன்னால் இந்தியச் சுரங்கப் பணியகத்திடம் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் தங்கத்தின் விலை திடீரென்று விழுந்து கம்பெனி இரண்டே மாதத்தில் கையை விரித்தால் என்ன என்பதற்கும் ஒரு பத்தி வேண்டும். இந்தத் திட்டமிடாத மூடல் பற்றி அறிக்கையில் ஒன்றும் இல்லை என்றால், எனக்கு அந்த அத்தியாயத்தில் நம்பிக்கை வராது.

உங்கள் நேரடிக் கேள்விக்கு, நம்பலாமா என்பதற்கு, என் பதில் இது. சுரங்கம் ஓடும் காலத்துத் தூசை அடக்குவது தெரிந்த வித்தை, கண்காணித்தால் நடக்கும். ஓடி முடிந்த பிறகு நடப்பதை, மேலே சொன்ன பதில்கள் எழுத்தில் கிடைக்காதவரை நம்பாதீர்கள். நான் சுரங்கமே வேண்டாம் என்று சொல்லவில்லை. கே.ஜி.எஃப்.பிலிருந்து பெங்களூருக்கு வேலை தேடி மாரிகுப்பம் ரயிலில் விடியற்காலை நின்றுகொண்டு வரும் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு, ஊரிலேயே வேலை என்பது எவ்வளவு பெரியது என்று தெரியும்.

கூட்டத்துக்கு முப்பது நாளாவது முன்னால் அறிவிப்பு வர வேண்டும், முழு அறிக்கையை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் உட்கார்ந்து படிக்கலாம், சுருக்கத்தை மட்டும் வைத்துப் போகாதீர்கள். கேள்விகளைக் கன்னடத்தில் எழுதி, ஒரு பிரதியில் முத்திரை வாங்கி வைத்துக்கொண்டு, அப்புறம் வாயாலும் கேளுங்கள். பேசத் தயங்கும் மாமனார் வீட்டாரும் எழுதிக் கொடுக்கலாம், இரண்டுக்கும் ஒரே மதிப்பு. கூட்டம் முடியும்போது நடந்ததை அங்கேயே உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி, பெரும்பாலானோர் அதற்குள் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் இருங்கள், உங்கள் கேள்வியும் அதற்கு அவர்கள் சொன்ன பதிலும் அதில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, விட்டுப்போயிருந்தால் அங்கேயே சேர்க்கச் சொல்லுங்கள். முழு அறிக்கை கையில் கிடைத்ததும் மின்விசிறியின் கொள்ளளவு, வண்டிகளின் எண்ணிக்கை, பாறையின் சிலிக்கா, ஆர்செனிக் அளவு, உள்ளே திருப்பி நிரப்பும் சதவீதம், பிணைத் தொகை, இந்த எண்களை இங்கே எழுதுங்கள், உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.